கன்னிப் பிறப்பைச் சொல்ல மத்தேயுவா, லூக்காவா?

டிசம்பர் வந்தால் எங்கள் புதுச்சேரி அன்பியக் கூட்டத்தில் (பங்கிலுள்ள குடும்பங்கள் சிறு குழுவாகக் கூடும் ஜெபக் கூட்டம்) இந்தக் கேள்வி எழும்: இயேசு கன்னியிடம் பிறந்ததை விளக்க எந்த நற்செய்தியை வாசிப்பது? (மிஷன் வீதி ஜென்மராக்கினி கோவிலில் டிசம்பர் 8 கொண்டாடும் அமல உற்பவம் வேறு, அது மரியா பிறவிப்பாவமின்றி உருவானதைப் பற்றியது.)

நீளம்: மத்தேயு 1:18-25, எட்டே வசனம். லூக்கா 1:26-38, பதின்மூன்று.

யாரிடம் செய்தி: மத்தேயுவில் மரியாவின் கணவர் சூசையப்பரின் கனவில். லூக்காவில் நேரே மரியாவிடம்.

ஆதாரம்: 'கன்னி கருவுற்று ஒரு மகனைப் பெறுவார்' என்று பழைய ஏற்பாட்டின் எசாயா 7:14-ஐ மத்தேயு காட்டுகிறார். அங்கே 'கன்னி' என்ற இடத்திலுள்ள எபிரேயச் சொல்லுக்கு 'இளம்பெண்' என்றே பொருள். கிரேக்க மொழிபெயர்ப்புதான் 'கன்னி' என்றது. கல்லூரிப் பிள்ளைகள் கேட்பார்கள், மழுப்பக் கூடாது. லூக்காவில் "இது எப்படி நிகழும்?" என்று மரியாவே கேட்கிறார். தூய ஆவி வரும், உன்னத கடவுளின் வல்லமை நிழலிடும், அதனால் குழந்தை இறைமகன் எனப்படும் என்கிறார் வானதூதர் கபிரியேல். கோட்பாட்டின் உயிர்நாடி இங்கேதான்: பிறப்பவர் யார் என்பதே முதல்.

போன வருடம் லூக்காவை வாசித்து முடித்ததும் ஒரு பாட்டி ஜெபமாலையை இறுக்கிப் பிடித்தபடி, மரியாவை நினைத்து, "அந்தப் புள்ள எவ்ளோ பயந்திருக்கும்" என்றார்.

சிறுவர்களுக்கும் தாய்மாருக்கும் லூக்கா. ஊர் வாய்க்கு அஞ்சும் குடும்பத்துக்கும், தத்தெடுத்த பெற்றோருக்கும் மத்தேயு: தன் இரத்தமில்லாத குழந்தைக்குச் சூசையப்பரே பெயரிட்டுத் தாவீது அரசரின் வம்சத்தில் சேர்க்கிறார்.