ஹெல்சிங்கி – டோக்கியோ: வடதுருவத்தின் மேலா, மத்திய ஆசியா வழியாகவா?

ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய தூரம் ஏறத்தாழ 7,850 கிலோமீட்டர். ஆனால் அந்தக் கோட்டின் பெரும்பகுதி சைபீரியாவின் மேல் செல்கிறது. 2022 பிப்ரவரி இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூட, பதிலுக்கு ரஷ்யாவும் மூடியது. அதுவரை ஒன்பதரை மணி நேரத்தை ஒட்டி முடிந்துகொண்டிருந்த பயணம் 13 மணி நேரமாக நீண்டது.

இப்போது பின்லாந்து விமானத்துக்கு இருப்பவை இரண்டு சுற்றுவழிகள். வடக்கு வழி நார்வேயையும் வடதுருவப் பகுதியையும் கடந்து, அலாஸ்காவை ஒட்டிப் பசிபிக்கில் இறங்குகிறது. தெற்கு வழி கருங்கடல் பக்கம் வந்து ஜார்ஜியா, அஜர்பைஜான், கஜகஸ்தான், சீனா, கொரியா என்று நீள்கிறது. ஹெல்சிங்கியிலிருந்து துருவத்தை எட்டவே 3,300 கிலோமீட்டர் ஆகிறது என்பதால் வடக்கு வழி மிக நீளமானது என்று தோன்றும்; உண்மையில் இரண்டுமே 10,000 கிலோமீட்டரைத் தாண்டுகின்றன.

ஆகவே வேறுபாட்டைத் தீர்மானிப்பது காற்றுதான். மித வெப்ப மண்டலத்தின் மேல் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம், குளிர்காலத்தில் ஜப்பானை ஒட்டி மிகுந்த வலுவடைகிறது. டோக்கியோவுக்குப் போகும்போது தெற்கு வழியில் இது பின்னிருந்து தள்ளும். திரும்பும்போது அதே வழியில் முகத்தில் அறையும். அதனால்தான் டோக்கியோவிலிருந்து மேற்கே உள்ள ஐரோப்பாவுக்குப் புறப்படும் விமானம், முதலில் வடகிழக்கே பசிபிக்கை நோக்கித் திரும்புவது பல நாட்களில் இலாபமாகிறது. போக ஒன்று, வர ஒன்று என்று அமைந்தால் பயணி உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிடுகிறார். கட்டணம் என்னவோ இரு நகரங்களுக்குத்தான்.

துருவ வழி புதியதன்று. சோவியத் வான்வெளி மூடிக்கிடந்த காலத்தில், 1957இல் கோபன்ஹேகனிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகர் வழியாக டோக்கியோவுக்குச் சேவை தொடங்கியது. 1983இல் பின்லாந்தின் விமான நிறுவனமான ஃபின்ஏர் டிசி-10 விமானத்தை ஹெல்சிங்கியிலிருந்து துருவத்தின் மேலாக எங்கும் நிறுத்தாமல் இயக்கியது. அன்றும் ஏறக்குறைய 13 மணி நேரம்தான்.

இயக்குபவர் பார்வையில் வடக்கு வழிக்குத் தயாரிப்பு அதிகம் வேண்டும். இரு என்ஜின் விமானத்தில் ஒன்று நின்றுபோனாலும், அனுமதிக்கப்பட்ட நேரத்துக்குள் ஏதேனும் ஒரு விமான நிலையத்தை அடைந்தாக வேண்டும். ஆர்க்டிக்கிலோ அத்தகைய நிலையங்கள் அரிது. ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரியில் உறையத் தொடங்கும் என்பதால், தொட்டியின் வெப்பநிலை அந்த அளவை நெருங்கினால் விமானி சற்று இறங்கி வெதுவெதுப்பான அடுக்கில் பறக்க வேண்டியிருக்கும். தெற்கு வழியின் தொல்லை வேறு வகை: ரஷ்யாவுக்கும் ஈரானுக்கும் இடையே காகசஸ் மேல் எஞ்சியிருப்பது ஒடுங்கிய பாதை, அங்கு ஒரு நாட்டின் வான்வெளி மூடினாலும் முழு அட்டவணையும் குலையும்.

என் கணிப்பில் போவதற்குத் தெற்கும் வருவதற்கு வடக்கும் பொருத்தம். ஆயினும் எந்த வழி என்பதை அன்றைய காற்றைப் பார்த்து நிறுவனமே முடிவு செய்கிறது. ஆகவே பயணச்சீட்டு எடுப்பவர் 7,850 என்ற எண்ணைக் கொண்டு நேரத்தைக் கணக்கிடாமல், போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் தனித்தனியே பார்த்து, ஹெல்சிங்கியில் விமானம் மாற வேண்டியிருந்தால் இடைவெளியைத் தாராளமாக வைத்துக்கொள்வது நல்லது.