கைராசி டாக்டரின் பொட்டல மாத்திரை: தண்டையார்பேட்டை பக்கம் இருப்பவர்கள் கவனத்துக்கு

அம்மாவுக்கு 61 வயது. சர்க்கரையும் உண்டு, மூட்டுவலியும் உண்டு. சர்க்கரைக்குக் கவலை இல்லை. 2021-இல் ஆரம்பித்த அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. முட்டிதான் தொல்லை. ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் ஒரு நாள் சம்பளம் போகுமே என்று நான்தான் தள்ளிக்கொண்டே வந்தேன்.

எதிர்வீட்டு அக்கா ஒரு டாக்டரைச் சொன்னார். "கைராசிக்காரர், ராத்திரி பத்து மணி வரைக்கும் இருப்பார்." 150 ரூபாய்க்கு ஒரு ஊசி, நாலு நாள் மாத்திரை. அட்டையோடு தரமாட்டார், சீட்டும் எழுதமாட்டார். சின்னக் காகிதக் கவரில் வேளைக்கு நாலு மாத்திரை: பெரிய வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, மிளகு அளவில் இரண்டு. கவர் மேலே பேனாவில் ஒரு வட்டம் போட்டிருந்தால் காலைக்கு, பிறை போட்டிருந்தால் ராத்திரிக்கு.

மூன்றாம் நாள் அம்மா கைப்பிடியைப் பிடிக்காமல் மாடி ஏறினார். அப்புறம் யார் சந்தேகப்படுவார்கள்? மூன்று மாதம் போனது. பசி அதிகமானது, கன்னம் உருண்டது. "உடம்பு தேறிட்டீங்களே" என்று தெருவே சொன்னது. எனக்கும் சந்தோஷம்தான்.

மாத்திரை கொடுக்க வரும் தன்னார்வலர் அக்காதான் முதலில் நின்று பார்த்தார். "என்னம்மா, முகம் இப்படி உப்பியிருக்கு?" விரலில் குத்திப் பார்த்தால் 412. அன்றைக்கே மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு. பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனாலும் முட்டிவலிக்கு அங்கே போகலாம் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

அங்கிருந்த டாக்டரம்மா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். அந்த மிளகு மாத்திரை ஸ்டீராய்டாக இருக்கலாம் என்றார். வலி சட்டென்று விடும், ஆனால் சர்க்கரையை ஏற்றும், முகத்தை ஊதவைக்கும். இவ்வளவு நாள் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்தாம், ஏனென்றால் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டிருக்கும். ஸ்டான்லிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ரத்தப் பரிசோதனை செய்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள். வீட்டிலேயே பிசியோதெரபி கொடுக்க ஆள் வருவார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

கோபத்தில் அந்தக் கிளினிக்குக்குப் போய் மாத்திரையின் பெயரைக் கேட்டேன். "பேரை எழுதிக் குடுத்தா நீங்களே கடையில வாங்கிச் சாப்பிடுவீங்க தம்பி, என்கிட்ட எதுக்கு வருவீங்க?" என்று சிரித்தார். பதிவு எண் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. போர்டில் இருப்பது மாமா பேராம், மாமா காலையில் வருவாராம். மூன்று நாள் காலையில் போய்ப் பார்த்தேன், ஷட்டர் பூட்டியே கிடந்தது.

ஒரு டாக்டர் தன் பதிவு எண்ணைக் கிளினிக்கிலும் சீட்டிலும் போட்டே ஆக வேண்டும், 2002-இல் வந்த விதி அது. தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடலாம். வெறும் பேரை வைத்துத் தேடினால் அதே பேரில் பல பேர் வருவார்கள், எனக்கு அதுதான் நடந்தது. சீட்டும் அட்டையும் தராமல் பொட்டலம் கட்டுகிற இடமாக இருந்தால் எண்ணைத் தேடும் வேலைகூட வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள். ராத்திரி நேரத்தில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் மருத்துவ உதவி எண் 104-க்கு அடித்துக் கேளுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் யோசிக்காமல் 108.

ஏற்கெனவே இப்படி மாதக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். மிச்சமிருக்கும் மாத்திரையைக் கவரோடு எடுத்துக்கொண்டு உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அம்மாவின் சர்க்கரை 180-க்கு இறங்கியிருக்கிறது. முட்டிவலி திரும்பி வந்துவிட்டது. "என்ன சொன்னாலும் அவர் மாத்திரை கேட்டுச்சுடா" என்று இன்னும் சொல்கிறார். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். இரண்டு வாரம் ஷட்டர் திறக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்தேன், திறந்திருக்கிறது. போர்டில் மாமா பேரை மட்டும் வெள்ளை பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள், வெளியே பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.