உயில் பெட்டிகளோடு 18 மாதங்கள்: எங்கள் ஆவண ஊழிய அனுபவம்

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் சார்பில், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு கவுண்ட்டி நீதிமன்றத்தின் ஆவண அறையில் நானும் என் கணவரும் 18 மாதங்கள் ஊழியம் செய்துவிட்டுத் திரும்பி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. திரும்பி வந்த சூட்டோடு எழுதியிருந்தால் இது வெறும் நன்றிக் கடிதமாகவே முடிந்திருக்கும். நாங்கள் எடுத்த படங்களை முன்பின் தெரியாதவர்கள் தேடிப் படிப்பதைப் பார்த்துவிட்டு எழுதுவதுதான் முறை என்று காத்திருந்தேன். இந்த ஊழியத்துக்குப் போகலாமா என்று யோசிக்கும் தம்பதிகளுக்கும், இணையத்தில் பழைய உயில்களைத் தேடுகிறவர்களுக்கும் இது உதவக்கூடும்.

பிள்ளைகளை ஆளாக்கிவிட்ட தம்பதிகள், ஆறு மாதம் முதல் 23 மாதம் வரை, சபை அனுப்பும் இடத்தில் தங்கி வேலை செய்வதையே மூத்த தம்பதி ஊழியம் என்கிறோம். சம்பளம் கிடையாது, வாடகையும் சாப்பாடும் நம் கைக்காசுதான். இதில் பல வகைப் பணிகள் உண்டு, எங்களுக்குக் கிடைத்தது ஆவணப் பாதுகாப்பு. கேமரா, கணினி, பயிற்சி ஆகியவற்றை, சபையின் வம்சாவளி ஆய்வு அமைப்பான ஃபேமிலிசர்ச் தந்தது. நாங்கள் எடுக்கும் படங்களின் பிரதி ஒன்று, ஆவணங்களுக்குச் சொந்தமான அலுவலகத்துக்குக் கட்டணம் எதுவுமின்றிப் போய்ச் சேர்ந்தது.

இந்த அமைப்பின் வேர் 1894இல் தொடங்கிய யூட்டா வம்சாவளிச் சங்கத்தில் இருக்கிறது. 1938இல் அவர்கள் ஆவணங்களைச் சிறு படச்சுருள்களில் பதிக்கும் மைக்ரோஃபிலிம் முறையில் படமெடுக்கத் தொடங்கினார்கள். சுருள்களைக் காப்பதற்காக சால்ட் லேக் சிட்டிக்கு அருகே மலைப்பாறையைக் குடைந்து 1965இல் ஒரு பெட்டகத்தைக் கட்டி முடித்தார்கள். உலகெங்கிலுமிருந்து சேர்ந்த 24 லட்சம் சுருள்களையும் எண்முறைப் படங்களாக மாற்றும் வேலை 2021இல் நிறைவடைந்தது. ஆயினும், ஒருமுறைகூடப் படமெடுக்கப்படாத தாள்கள் எத்தனையோ ஊர்களில் இன்னும் பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றன. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் பிடித்த தீயும் அதை அணைக்க இறைத்த நீரும் சேர்ந்து, 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின் பெரும்பகுதியைப் பாழாக்கிவிட்டன. அதற்கு வேறு பிரதி இல்லை. பயிற்சியின்போது இதைக் கேட்ட என் கணவர், அன்று இரவு வெகுநேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

எங்கள் அறைக்கு ஜன்னல் இல்லை. மேசையின் மேல் கீழ்நோக்கிப் பொருத்திய கேமராவும், இருபுறமும் சாய்வாக நின்ற விளக்குகளும், பக்கத்தில் ஒரு கணினித் திரையும்தான் எங்கள் உலகம். என் கணவர் நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்தவர் என்பதால் கேமராவும் திரையும் அவர் பொறுப்பாயின. நான் வங்கியில் காசாளராக முப்பது ஆண்டுகள் நோட்டு எண்ணியவள் என்பதால் தாள்கள் என் பக்கம் வந்தன. மேரிலாந்தில் இறந்தவர்களின் சொத்து விவகாரங்களைக் கவனிக்கும் நீதிமன்றத்துக்கு இன்றளவும் ‘அநாதைகள் நீதிமன்றம்’ என்றே பெயர். தகப்பனை இழந்த பிள்ளைகளின் சொத்தைக் காப்பதற்காகத் தோன்றியதால் வந்த பெயர் அது. ஒருவர் இறந்ததும் அவருடைய உயில், சொத்துப் பட்டியல், கடன் கணக்கு, பொறுப்பாளர் எழுதிக்கொடுத்த பிணைப் பத்திரம் ஆகியவற்றை மூன்றாக மடித்து, ஒரே கட்டாக நாடாவால் கட்டி, ஒடுக்கமான தகரப் பெட்டியில் செருகிவிடுவார்கள். ‘சிவப்பு நாடா’ என்று செய்தித்தாளில் நாம் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். அந்த நாடாவை என் கையால் அவிழ்த்தது அங்கேதான்.

நூற்றைம்பது ஆண்டுகள் மடிந்தே கிடந்த தாள் விரிய மறுக்கும். வலிந்து விரித்தால் மடிப்பிலேயே பிளந்துவிடும். தட்டையான மழுங்கிய கத்தியால் மெல்லத் திறந்து, சிறிது நேரம் பாரம் வைத்து, அடங்கிய பிறகுதான் கேமராவுக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். அக்காலத்தில் தாள்களைச் சேர்க்கக் குத்திய குண்டூசிகள் துருவேறித் தாளோடு ஒட்டியிருக்கும். அவற்றை உருவுவதற்குள் பாதி மணி நேரம் போய்விடும் நாட்களும் உண்டு. இரும்பு உப்பு கலந்த மசி, எழுத்து இருந்த இடத்தையே சில தாள்களில் தின்று ஓட்டையாக்கியிருந்தது. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்வோம் என்று பலரும் நினைக்கிறார்கள். நாங்கள் சோப்பால் கழுவி நன்றாகத் துடைத்த வெறும் கையால்தான் தொட்டோம், ஏனென்றால் கையுறை போட்ட விரலுக்குத் தாளின் விளிம்பு எங்கே கிழியப்போகிறது என்பது தெரியாது. கட்டுப் புத்தகமாக இருந்தால் ஒரு நாளில் ஆயிரம் படங்களைக்கூடத் தாண்டிவிடுவோம். மடித்த தாள்களாக இருந்தால் அதில் பாதியும் வராது.

நான்காம் மாதத்தில், 1840களின் பெட்டிகளுக்கு வந்தபோது, எங்கள் வேலையின் எடை மாறியது. ஒரு பண்ணையாரின் சொத்துப் பட்டியலில் ஏர், இரண்டு மாடு, இறகு மெத்தை, சோளம் என்று வரிசையாக விலை போட்டு வந்தவர்கள், அதே கையெழுத்தில், அதே நிரலில், மனிதர்களையும் எழுதியிருந்தார்கள். ஒரு பெயர், ஒரு வயது, எதிரே ஒரு டாலர் தொகை. கைக்குழந்தைக்கும் விலை இருந்தது. “ஏங்க, இங்கே வந்து இதைப் படியுங்கள்” என்று கூப்பிட்டேன். படித்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு விளக்கைச் சரிசெய்துவிட்டு, “இந்தப் பக்கத்தை மட்டும் இன்னும் ஒருமுறை எடுத்துவிடுவோம், ஒரு எழுத்துகூட மங்கக் கூடாது” என்றார்.

அந்தப் பக்கம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது பின்னர்தான் முழுமையாகப் புரிந்தது. 1850, 1860ஆம் ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளின் அட்டவணையில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அடிமையாக இருந்தவருக்குப் பெரும்பாலும் வயது, பால், நிறம் மட்டுமே இருக்கும், பெயர் இருக்காது. மேரிலாந்தில் அடிமைமுறை 1864 நவம்பர் 1ஆம் தேதிதான் சட்டப்படி ஒழிந்தது. கறுப்பின மக்கள் அனைவரையும் பெயரோடு பதிவுசெய்த முதல் நாடு தழுவிய கணக்கு 1870இல் எடுக்கப்பட்டது. எனவே தம் முன்னோரைத் தேடிப் பின்னோக்கிச் செல்லும் ஒரு குடும்பம் அந்த ஆண்டில் சுவரில் மோதி நின்றுவிடுகிறது. அந்தச் சுவரைத் தாண்ட உதவும் சில தாள்களில், இன்னொருவருடைய உயிலோடு சேர்த்துக் கட்டிய இந்தச் சொத்துப் பட்டியலும் ஒன்று. அதற்குப் பிறகு ஒரு பெட்டியைக்கூட நான் அலுப்போடு திறக்கவில்லை.

எங்கள் கையால் நேர்ந்த பிழையையும் சொல்லியாக வேண்டும். ஒரு வாரம் முழுவதும் ஒட்டிக்கொண்டிருந்த தாள்களை இரண்டிரண்டாகப் புரட்டியிருக்கிறேன். படங்களைச் சரிபார்த்தவர்கள் பக்க எண் விட்டுப்போயிருப்பதைக் கண்டு திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் அந்தப் பெட்டிகள் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டிருந்தன. அவற்றைத் திரும்பக் கொண்டுவரக் கேட்டு, காத்திருந்து, மறுபடி எடுத்து முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. எனக்கு மிகுந்த வேதனை அது. அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டிலும் முதலில் தாள்களை எண்ணிச் சிறு சீட்டில் குறித்துக்கொண்டு, எடுத்து முடித்த படங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்ட பிறகே நாடாவைக் கட்டினேன். வங்கியில் பணப்பெட்டியைக் கணக்கு முடித்து மூடும் பழக்கம்தான். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

உடம்பைப் பொறுத்தவரை, மணிக்கட்டும் கழுத்தும் நிச்சயம் வலிக்கும். உயரத்தை மாற்றக்கூடிய நாற்காலியை முதல் வாரமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய தூசிக்குத் தும்மல் வருகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விண்ணப்பிக்க வேண்டாம். நாள் முழுவதும் கணவனும் மனைவியும் ஒரே அறையில் இருப்பது எங்களுக்கு நன்றாகவே அமைந்தது.

இனி, பயன்படுத்துகிறவர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். படம் எடுத்தவுடன் அது யாருக்கும் கிடைத்துவிடுவதில்லை. சரிபார்த்து, விவரம் சேர்த்து வெளிவருவதற்குக் காலம் பிடிக்கிறது. ஆவண உரிமையாளரோடு செய்த ஒப்பந்தத்தைப் பொறுத்துச் சில தொகுப்புகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம், சிலவற்றை ஃபேமிலிசர்ச் மையத்துக்குச் சென்றுதான் பார்க்க முடியும். பெயர் அட்டவணை தயாராகாத தொகுப்பில் ஒருவரைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் பக்கம் பக்கமாகப் புரட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. மேலும், பழைய அட்டவணைகளில் பெரும்பாலும் இறந்த உடைமையாளரின் பெயர்தான் ஏறும். பட்டியலுக்குள் இருக்கும் மனிதர்களின் பெயர் ஏறாது. 2024இல் கையெழுத்தை இயந்திரமே படித்துத் தரும் முழுவாசகத் தேடல் சோதனை முறையில் வந்தது. அமெரிக்க நில, உயில் ஆவணங்களும் மெக்சிகோ நோட்டரி ஆவணங்களும் அதில் முதலில் சேர்ந்தன. என் மதிப்பீட்டில், சபை இதுவரை செய்த தொழில்நுட்ப வேலைகளில் இதுவே மிகப் பெரிய உதவி. இயந்திரம் தவறாகப் படிக்கும் இடங்கள் இருக்கின்றன என்பதால், கிடைத்த பெயரை மூலப் படத்தோடு ஒப்பிடாமல் யாரும் தங்கள் வம்சாவளியில் சேர்த்துவிட வேண்டாம்.

எங்கள் சபை இதை ஏன் செய்கிறது என்று பலரும் கேட்டார்கள். இறந்துபோன முன்னோருக்காக அவர்கள் சந்ததியார் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெறலாம், அதை ஏற்பதும் மறுப்பதும் அந்த முன்னோரின் விருப்பம் என்பது எங்கள் விசுவாசம். இதனால் பிறர் மனம் புண்பட்டதும் உண்டு. யூதப் படுகொலையில் மாண்டவர்களின் பெயர்கள் இவ்வாறு சேர்க்கப்பட்டதற்கு யூத அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்ததன் பேரில், 1995இல் சபை அதை நிறுத்த ஒப்புக்கொண்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். படங்களைப் பார்ப்பதற்கு எந்த மதத்தவரும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் கிளம்பியபோது 1871ஆம் ஆண்டின் பெட்டி பாதியில் நின்றது. எங்களுக்குப் பின் வந்த தம்பதி அதிலிருந்து தொடங்கினார்கள். எண்ணிக்கைச் சீட்டு எழுதும் முறையை அந்த அம்மாவுக்கு இரண்டு நாள் உடனிருந்து காட்டிக்கொடுத்தேன். முதல் கட்டின் நாடாவை அவர் அவிழ்க்கும்போது, என் கை தானாக நீண்டு, தாளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டது.