பச்சை டி/ஏ-வா, இசட்/28-ஆ, பாஸ் 302-ஆ?

2014 நவம்பரில் லாஸ் வேகஸில் நடந்த செமா என்ற கார் உதிரிபாகக் கண்காட்சியில் டாட்ஜ் ஒரு சேலஞ்சர் டி/ஏ கான்செப்ட் காரை, அதாவது காட்சிக்கென்று செய்த மாதிரிக் காரை, கொண்டுவந்து நிறுத்தியது. கண்ணைப் பறிக்கும் பச்சை, கறுப்பு பானட், உள்ளே ஹெமி என்று டாட்ஜ் அழைக்கும் 6.4 லிட்டர் வி8 எஞ்சின். பெரிய எஞ்சின் வைத்த அமெரிக்கக் கார்களான மசில் கார்களின் பிரியர்கள் அதைப் பார்த்ததும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். இதை இப்படியே தயாரித்து விற்றால் போதும், கையில் பணத்தோடு நிற்கிறோம் என்றது ஒரு கட்சி. இந்த எடையை வைத்துக்கொண்டு சர்க்யூட் ரேஸா, நல்ல கதையாக இருக்கிறதே என்றது இன்னொன்று.

இரண்டு கட்சி சொன்னதும் பாதிதான் சரி. ஏனென்றால் அதே காலத்தில் போட்டியாளர்கள் இருவர் இதே வேலையைச் செய்து கடையில் வைத்தே விற்றிருக்கிறார்கள். ஃபோர்டின் மஸ்டாங் பாஸ் 302 லகுனா சேகா 2012, 2013 மாடல்களாக வந்தது. செவர்லேயின் கமாரோ இசட்/28 அடுத்து 2014, 2015 மாடல்களாக வந்தது. இந்த இரண்டின் பக்கத்தில் வைத்தால்தான் பச்சைக் காரின் பலமும் பலவீனமும் தெரியும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை, இது இல்லாமல் இந்தப் பெயர்களுக்கு அர்த்தமே இல்லை. அமெரிக்காவில் 1966-ல் டிரான்ஸ்-ஆம் பந்தயத் தொடர் ஆரம்பித்தது, டி/ஏ என்பது அதன் சுருக்கம்தான். நேர்கோட்டில் கால் மைல் பறக்கிற சமாச்சாரம் இல்லை, வளைந்து நெளிந்து போகும் சர்க்யூட்டில் பிரேக் பிடித்து, திருப்பி, மறுபடி முடுக்குகிற பந்தயம். எஞ்சின் 5 லிட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. 1967-ல் வந்த கமாரோ இசட்/28, 1969-ல் வந்த பாஸ் 302 இரண்டுக்கும் ஒரே 302 கன அங்குல, அதாவது 5 லிட்டருக்குச் சற்றுக் குறைந்த எஞ்சின் அமைந்தது தற்செயல் இல்லை, இரண்டும் அந்த விதிக்காகவே அளவெடுத்துத் தைத்தவை. பந்தய ஓட்டுநர் மார்க் டோனஹ்யூ 1968, 1969 இரண்டு வருடமும் கமாரோவை ஜெயிக்க வைத்தார். 1970-ல் பார்னெல்லி ஜோன்ஸும் ஜார்ஜ் ஃபோல்மரும் மஸ்டாங் ஓட்டி ஃபோர்டுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தார்கள். சேலஞ்சர் அந்த 1970-ல்தான் களத்துக்கே வந்தது. சாம் போஸி பச்சை நிற 77-ஆம் எண் காரை நன்றாகவே ஓட்டினார், ஆனாலும் ஒரு வெற்றி கூட இல்லை. சீசன் முடிந்ததும் டாட்ஜ் மூட்டை கட்டிவிட்டது.

ஆக, மூன்று பெயர்களில் இரண்டு கோப்பையோடு வருகின்றன, ஒன்று நிறத்தோடு வருகிறது. இதைச் சொன்னால் சேலஞ்சர் ரசிகர்களுக்குக் கோபம் வரும், ஆனால் அவர்களுக்கே தெரிந்த விஷயம்தான். இன்னொரு வேடிக்கை, ரோட்டில் விற்ற 1970 சேலஞ்சர் டி/ஏ-வில் பின் டயர்கள் முன் டயர்களைவிடப் பெரியவை, மூக்கைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பெயர் சர்க்யூட் பந்தயத்துடையது, நிற்கிற தோரணை மட்டும் கால் மைல் ஓட்டக்காரனுடையது. அந்தக் குழப்பம் அன்றே ஆரம்பித்துவிட்டது.

சரி, இப்போது எடைக்கு வருவோம், எல்லாரும் அதைத்தானே பிடித்துக்கொள்கிறார்கள். 6.4 லிட்டர் எஞ்சின் வைத்த சேலஞ்சர் சுமார் 1,900 கிலோ. இரண்டு சக்கர அச்சுகளுக்கு நடுவே 2,946 மில்லிமீட்டர். மஸ்டாங்கில் அது 2,720 தான், அந்த பாஸ் லகுனா சேகாவின் எடை 1,650 கிலோ அளவில் நிற்கிறது. கால் டன் வித்தியாசம் என்பது பெரிய ஆள் மூன்று பேரை எப்போதும் ஏற்றிக்கொண்டு ஓட்டுகிற மாதிரி. ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் அதை நிறுத்த வேண்டும், அப்புறம் திருப்ப வேண்டும், மறுபடி கிளப்ப வேண்டும். 485 குதிரைத்திறன் இருக்கிறது என்பது கடைசிக் காரியத்துக்குத்தான் உதவும். முதல் இரண்டுக்கும் பிரேக்கும் டயரும்தான் விலை கொடுக்கும். சர்க்யூட்டுக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு இந்தக் கார் யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான்.

ஆனால் எடை கூடிய வண்டியைத் திருப்பவே முடியாது என்று சொல்கிறவர்களுக்கு கமாரோ இசட்/28 நல்ல பதில். ஐந்தாம் தலைமுறை கமாரோவும் ஒல்லியான கார் இல்லை. அதை எடுத்துக்கொண்டு செவர்லே செய்த வேலைகளைப் பார்த்தால் கிட்டத்தட்ட வெறி என்றுதான் சொல்ல வேண்டும். பின் கண்ணாடியை மெல்லியதாக மாற்றினார்கள். சத்தத்தை அடக்கும் பொருட்களைப் பிடுங்கினார்கள். ஏசி வேண்டுமானால் தனியாகக் காசு. ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று, அதுவும் சீட் பெல்ட் போடச் சொல்லும் மணி அடிப்பதற்காக. டயர் பஞ்சரானால் காற்றடிக்கும் கருவியைக் கூட எடுத்துவிட்டு, சட்டம் கட்டாயமாக்கிய இரண்டு மாநிலங்களில் மட்டும் வைத்தார்கள். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் வைத்த இன்னொரு கமாரோவான இசட்எல்1-ஐவிட இப்படி 300 பவுண்டு, அதாவது சுமார் 136 கிலோ குறைத்தார்கள்.

அதற்குப் பிறகும் 1,730 கிலோ. இங்கேதான் விஷயம் இருக்கிறது. குறைத்த கிலோக்களைவிட, போட்ட சாமான்கள் பெரிய வேலை செய்தன. முன்னும் பின்னும் ஒரே 305 மில்லிமீட்டர் அகல பைரெல்லி டயர், முன் சக்கரத்துக்கு அவ்வளவு அகலம் அன்றைக்கு ரோட்டுக் காரில் அபூர்வம். பிரெம்போ கார்பன்-செராமிக் பிரேக், பந்தயக் கார்களுக்குச் செய்கிற மல்டிமேடிக் நிறுவனத்தின் ஸ்பூல் வால்வ் டேம்பர்கள் (குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர்கள்), 505 குதிரைத்திறன் தரும் 7 லிட்டர் எல்எஸ்7 எஞ்சின், கையால் மாற்றும் ஆறு கியர் மட்டும். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் ஒரு சுற்று 7 நிமிடம் 37.47 வினாடி, அதுவும் பாதியில் மழை தூறிய சுற்று.

இவ்வளவுக்கும் ரசிகர்கள் கொண்டாடவில்லையா என்றால், கொண்டாடினார்கள், விலையைப் பார்க்கும்வரை. சுமார் 75,000 டாலர். அதே கடையில் 580 குதிரைத்திறன் இசட்எல்1 ஏறக்குறைய 20,000 டாலர் குறைவு, ஏசியும் பாட்டும் சேர்த்து. 75 குதிரை குறைவாகக் கொடுத்து ஏசியையும் பிடுங்கிக்கொண்டு கூடுதலாகக் காசு கேட்கிறார்கள் என்ற புலம்பல் நியாயமாகத்தான் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காகிதத்தில் குதிரை எண்ணுகிறவர்களுக்காக அந்தக் கார் செய்யப்படவில்லை. ஆனால் மசில் கார் வாங்குகிற கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் குதிரை எண்ணுகிறவர்கள்தான், அதை செவர்லே யோசித்திருக்க வேண்டும்.

பாஸ் 302 விஷயத்தில் ஃபோர்டு கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது. 444 குதிரைத்திறன், 5 லிட்டர் வி8, 7,500 ஆர்பிஎம் வரை துணிந்து சுற்றலாம். இலக்கு பிஎம்டபிள்யூ எம்3, வேறு எதுவும் இல்லை, அதை வெளிப்படையாகவே சொன்னார்கள். லகுனா சேகா பதிப்பில் பின் சீட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குறுக்குச் சட்டம் ஒன்று போட்டார்கள். டேம்பர்களை ஒரு ஸ்க்ரூடிரைவரால் ஐந்து நிலைகளில் இறுக்கலாம், தளர்த்தலாம். முன்னது பானட்டைத் திறந்து, பின்னது டிக்கியைத் திறந்து, அவ்வளவுதான், கம்ப்யூட்டர் கிடையாது. சிவப்புச் சாவி என்று ஒன்று வேறு, அதைப் போட்டு ஸ்டார்ட் செய்தால் எஞ்சினின் மென்பொருள் மாறி, நின்ற இடத்திலேயே பழைய பந்தயக் கார் மாதிரி உருமும்.

குறை என்று பார்த்தால் பின் பக்கம் இன்னும் ஒரே தண்டான சாலிட் ஆக்சில். கமாரோவுக்கும் சேலஞ்சருக்கும் பின்னால் தனித்தனி சஸ்பென்ஷன் இருந்தபோது ஃபோர்டு பழையதைப் பிடித்துக்கொண்டிருந்தது. மேடு பள்ளமான வளைவில் பின்பக்கம் துள்ளும், மறுக்கவே முடியாது. ஆனாலும் 50,000 டாலருக்குள் இவ்வளவு கொடுத்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

சரி, பச்சைக் காருக்கு என்ன ஆயிற்று? அது 2017 மாடலாக நிஜமாகவே கடைக்கு வந்தது, டி/ஏ என்ற பெயரிலேயே. 5.7 லிட்டர் எஞ்சினோடு ஒன்று, 6.4 லிட்டரோடு டி/ஏ 392 (392 என்பது அந்த எஞ்சினின் கன அங்குல அளவு). கறுப்பு பானட், பானட் பின்கள், முகப்பு விளக்கின் நடுவே காற்று போகும் ஓட்டை. 392-ல் ஆறு பிஸ்டன் பிரெம்போ பிரேக் கொடுத்தார்கள், அது உண்மையிலேயே நல்ல விஷயம். மற்றபடி பார்த்தால் அலங்காரம்தான் அதிகம். டயர் அகலம் 275. இசட்/28-ஐவிட சுமார் 170 கிலோ கூடிய கார் அதைவிட 30 மில்லிமீட்டர் ஒல்லியான டயரில் நிற்கிறது என்றால் சர்க்யூட்டைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

டாட்ஜைக் குறை சொல்லிப் பயன் இல்லை என்பதும் உண்மை. 2014-ல்தான் 707 குதிரைத்திறனோடு ஹெல்கேட் வந்தது, ஆரம்ப விலை 60,000 டாலரை ஒட்டி. இசட்/28 கேட்ட காசில் அதை வாங்கி, மிச்சத்தில் பல செட் பின் டயர் வாங்கி எரிக்கலாம். அடுத்து 2018 மாடலாக 840 குதிரை டீமன், கால் மைலுக்கென்றே பிறந்தது. தன் கூட்டம் எது என்று அந்த நிறுவனத்துக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு சிறு பகுதி சர்க்யூட் கார் கேட்டது, அவர்களுக்கு ஒரு கண்காட்சிக் காரும் ஸ்டிக்கரும் கிடைத்தன.

அவர்கள் கேட்டதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தது டி/ஏ இல்லை, 2019 மாடலில் வந்த ஸ்கேட் பேக் வைட்பாடி. அதே 485 குதிரைத்திறன் எஞ்சின், ஆனால் நான்கு பக்கமும் 305 அகல டயர், அதைப் பொதிய அகலப்படுத்திய ஃபெண்டர்கள், அதாவது சக்கரத்தை மூடும் தகடுகள். டி/ஏ கான்செப்ட்டைப் பார்த்து ஏங்கியவர்கள் பலர் இந்தக் காரைக் கண்டுகொள்ளவே இல்லை, பழைய பெயர் ஒட்டியிருக்கவில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

இடையில் மஸ்டாங் ஷெல்பி ஜிடி350ஆர் வந்து இந்த மொத்தச் சண்டையையும் குழப்பிவிட்டது. 526 குதிரைத்திறன், 8,250 ஆர்பிஎம், கார்பன் ஃபைபர் சக்கரம். அதை இந்த வரிசையில் சேர்த்தால் மற்ற மூன்றும் அடிபட்டுப் போகும், அதனால் வேண்டுமென்றே வெளியே வைத்தேன்.

இந்த மூன்றில் ஒன்று எனக்கு என்றால் யோசிக்காமல் பாஸ் லகுனா சேகா. இசட்/28 அதைவிட வேகம், சந்தேகமே இல்லை, ஆனால் அதன் கார்பன்-செராமிக் டிஸ்க்கை மாற்ற வேண்டிய நாளில் விலையைக் கேட்டால் மயக்கம் வரும், பாஸுக்குச் சாதாரண இரும்பு டிஸ்க் போதும். செகண்ட் ஹேண்டில் டி/ஏ 392 வாங்க நினைக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம், நீண்ட நெடுஞ்சாலையில் அந்த ஹெமி சத்தத்தோடு போவதற்கு மற்ற இரண்டைவிட அதுதான் சுகம், பின் சீட்டிலும் ஆட்கள் உட்காரலாம். என்ன, சர்க்யூட்டுக்குக் கொண்டுபோனால் முதல் வேலையாக அந்த 275 டயரைக் கழற்றுங்கள்.