மினி டிராக்டரில் சார்ஜ் ஏறவில்லையா? டைனமோவை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

தென்னந்தோப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவர், என்னிடம் இருக்கும் மினி டிராக்டரையே தானும் எடுக்கலாமா என்று கேட்டார். உழவில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 25 அடி இடைவெளியில் நிற்கும் மரங்களுக்கு நடுவே ரோட்டாவேட்டரோடு லேசாகத் திரும்புகிறது, டீசல் செலவும் கையைக் கடிக்கவில்லை, கியர்பாக்ஸில் இதுவரை ஸ்பேனர் வைத்ததே கிடையாது. ஆனால் சார்ஜிங் விஷயத்தில் இந்த வண்டி படுத்திய பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். சர்வீஸில் பேட்டரி போய்விட்டது என்றார்கள், மாற்றினேன். புதியதும் சீக்கிரமே படுத்துவிட்டது. அப்புறம், வண்டி ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் டைனமோவை மாற்றச் சொன்னார்கள். அங்கேதான் கோபம் வந்தது, அதுவரை ஒருவர்கூட மீட்டரை வைத்துப் பார்க்கவில்லை.

நானே வைத்துப் பார்த்தேன். நல்ல பேட்டரி வண்டி நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டும், ஓடும்போது ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் ஏற்றினால் 14ஐ ஒட்டி வரவேண்டும். எனக்கு வந்தது 12.7. டைனமோவின் இரண்டு வயரையும் கழற்றி, மீட்டரை ஏசியில் வைத்து வண்டியை ஓடவிட்டால் வேகம் கூடக்கூட வோல்ட்டும் ஏறுகிறது, ஆக அதில் பழுதில்லை. டைனமோவின் ஏசியை டிசியாக்கி, வோல்ட்டைக் கட்டுக்குள் வைப்பது ரெகுலேட்டர். அதிலிருந்து பேட்டரிக்குப் போகும் வயருக்கும் ரெகுலேட்டர் பாடிக்கும் நடுவே 14.2 இருக்கிறது. அப்படியானால் ஒன்றரை வோல்ட் எங்கே போகிறது? ரெகுலேட்டர் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டரை வைத்ததும் அந்த ஒன்றரை வோல்ட் அங்கே அகப்பட்டது.

பெயின்ட் அடித்த தகட்டின் மேல் ரெகுலேட்டரை வைத்து முடுக்கியிருக்கிறார்கள், அந்த போல்ட்தான் அதற்கு எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவோடு அதை இணைக்கும் வழி. சேறும் தூசியும் படிந்து போல்ட் துருப்பிடித்தால் சார்ஜ் ஏறாது. சுரண்டிச் சுத்தம் செய்து, அங்கிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு நேராக ஒரு தடித்த வயர் இழுத்தேன். இப்போது 14.1 காட்டுகிறது, சாவியைத் தொட்டதும் ஸ்டார்ட் ஆகிறது.

இன்னொன்று, வண்டி ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்கிற பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அப்படிச் செய்ய விடாதீர்கள், ரெகுலேட்டர் எரிந்துவிடலாம்.

என் தோப்பு வேலைக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது. ஆனால் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு இரண்டடி வயரில் மிச்சம் பிடித்திருக்கிறார்களே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. நண்பரிடம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன்.