சிபில் ஸ்கோர் ஏற்றித் தருகிறோம் என்று 24,500 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள் – வடசென்னைப் பக்கம் இருப்பவர்கள் கவனம்

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 24,500 ரூபாய் போய்விட்டது. அது போனதோடு நின்றிருந்தால் கூடப் பரவாயில்லை, சரிசெய்கிறோம் என்று சொன்ன சிபில் ஸ்கோரையும் (நாம் கடனை எப்படிக் கட்டுகிறோம் என்று பார்த்து சிபில் என்ற கம்பெனி போடும் மார்க்) கீழே இறக்கிவிட்டார்கள்.

கடையின் பெயரைப் போடவில்லை. தெரிந்த வக்கீல் ஒருவர் இப்போதைக்கு வேண்டாம் என்றார். திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பக்கம், கீழே வேறு கடை, மேலே மாடியில் இவர்கள். "சிபில் பிரச்சினையா? 90 நாளில் 750" என்று போர்டு. இந்த மாதிரி போர்டு தண்டையார்பேட்டையிலிருந்து மூலக்கடை வரைக்கும் இப்போது நிறைய முளைத்திருக்கிறது, அதனால் எந்தக் கடை என்பதை விட எந்த மாதிரிக் கடை என்று தெரிந்துகொண்டால் போதும்.

எனக்கு ஸ்கோர் ஏன் விழுந்தது என்பது நீளமான கதை இல்லை. மண்ணடியில் ஷிப்பிங் ஆபீஸ் வேலை. 2021 இரண்டாம் அலையில் சம்பளம் பாதியானது, பர்சனல் லோன் தவணை நின்றது. அடுத்த வருஷம் ஒரு தொகைக்குப் பேசி செட்டில்மென்ட் செய்தேன். வசூலுக்கு வந்தவர் "இத்தோடு முடிஞ்சது சார்" என்றார். முடியவில்லை. சிபில் ரிப்போர்ட்டில் அந்தக் கணக்குக்கு எதிரே "செட்டில்டு" என்று நிற்கிறது. கடன் கொடுப்பவர்களுக்கு அதன் அர்த்தம், இவர் முழுப் பணம் கட்டவில்லை என்பதுதான். மகளுக்குக் கல்விக் கடன் கேட்டு பேங்குக்குப் போனபோது ஸ்கோர் 618, கொஞ்சம் ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். எப்படி ஏற்றுவது என்று சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இல்லை. அந்த இடத்தில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

அந்த ஆள் பேசிய விதத்தைச் சொல்ல வேண்டும். முப்பது வயது இருக்கும். உட்கார வைத்து டீ சொன்னார். என் அப்பா ஹார்பரில் வேலை பார்த்தவர் என்றதும் "எங்க பெரியப்பாவும் ஹார்பர்தாண்ணே" என்றார். ஆதார், பான் ஜெராக்ஸ் கொடுத்தேன். வாங்கியவர் என் கண் முன்னாலேயே இரண்டு ஜெராக்ஸிலும் குறுக்கே கோடு போட்டு, "கிரெடிட் கார்டு விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போட்டார். "யார் கிட்ட கொடுத்தாலும் இப்படி எழுதிக் கொடுங்கண்ணே, ஊரெல்லாம் ஃப்ராடு" என்று எனக்கே புத்திமதி வேறு. எந்தத் திருடன் இப்படிச் செய்வான் சொல்லுங்கள்?

அப்புறம் லேப்டாப்பில் வட்டமாக ஒரு படம் காட்டினார். ஒழுங்காகக் கட்டியதற்கு 35 சதவீதம், கடன் பாக்கிக்கு 30, கணக்கின் வயதுக்கு 15, புதுக் கடனுக்கு 10, கடன் வகைகளுக்கு 10. "பழைய லோனை ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே. புதுசா அஞ்சு கார்டு போடுவோம். லிமிட் கூடும், மாசா மாசம் கரெக்டா கட்டினதா அஞ்சு ரெக்கார்டு ஏறும், பழைய கறை மறைஞ்சிடும். அமெரிக்காவுல எல்லாரும் இதான் பண்றாங்க." கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்த வட்டம் அமெரிக்காவின் ஃபைகோ ஸ்கோருக்கு உரியது, அங்கே 300 முதல் 850 வரை. நம்ம ஊர் சிபில் 300 முதல் 900. வேற ஊர் கணக்கை வைத்து என்னிடம் காசு வாங்கியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

கட்டணம் 24,500. ஐந்தாயிரம் ரொக்கம், மீதி 19,500 ஜிபே. ஜிபேயில் கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயர் வந்தது. "அக்கவுன்டன்ட் மேடம்ணே" என்றார். சரி என்று அனுப்பினேன்.

அன்று மத்தியானமே ஒரு பையன் டேப்லெட்டை வைத்துக்கொண்டு வரிசையாக விண்ணப்பம் தட்டினான். எனக்கு ஓடிபி வர வர, நான் சொல்லச் சொல்ல, அவன் அடுத்த பேங்குக்குப் போய்க்கொண்டே இருந்தான். இதில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? நாமே நம் ஸ்கோரைப் பார்த்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் கார்டு கேட்டு விண்ணப்பித்து ஒரு பேங்க் நம் ரிப்போர்ட்டை எடுத்தால் அது "என்கொயரி" என்று பதிவாகிவிடும். இப்போது என் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தால் ஒரே தேதி கீழே கீழே அடுக்கி நிற்கிறது, கார்டு, கார்டு, கார்டு என்று. பார்க்கிற எந்த மேனேஜரும் இந்த ஆள் காசுக்குப் பறக்கிறான் என்றுதான் நினைப்பார். பெரிய பேங்குகள் எல்லாம் நிராகரித்துவிட்டன. கிடைத்தது இரண்டு. ஒன்று, என் சொந்தப் பணம் 15,000-ஐ ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டு அதன் மேல் கொடுத்த கார்டு. இதற்குச் சம்பளச் சான்று கூட வேண்டாம், பேங்கில் நேராகக் கேட்டாலே கிடைக்கும். இன்னொன்று வருஷக் கட்டணம் உள்ள கார்டு. அந்தக் கட்டணமும், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டியும் முதல் பில்லிலேயே வந்துவிட்டது. புதுக் கணக்குகள் சேர்ந்ததில் கணக்குகளின் சராசரி வயதும் குறைந்தது. ஸ்கோர் 571.

ஏற்றித் தர வாங்கிய காசு 24,500. இறங்கியது 47 புள்ளி.

போன் செய்தேன். "அப்டேட் ஆக டைம் ஆகும்ணே." மறுபடி செய்தேன், சர்வர் பிரச்சினை. அப்புறம் மேனேஜர் ஊரில் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக் விழும், பதில் வராது. ஆனால் காலை வணக்கப் படம் மட்டும் தவறாமல் வரும், கீழே அவர்கள் கடை விளம்பரத்தோடு. நேரில் போனால் டீ சொன்ன ஆள் இல்லை, வேறு பெண் உட்கார்ந்திருந்தாள். "ரிஜெக்ட் ஆனது உங்க ப்ரொஃபைலால சார், எங்க சர்வீஸ் முடிஞ்சுது" என்றாள். ரசீதைத் திருப்பிக் காட்டினாள், பின்பக்கம் எறும்பு எழுத்தில் "ஆலோசனைக் கட்டணம் திருப்பித் தரப்படாது". அதே ரசீதில் ஜிஎஸ்டி எண் இல்லை, முகவரி கூட முழுசாக இல்லை.

இதை விடக் கொதித்தது நேற்று. அந்த ஆளே கடைசியில் லைனுக்கு வந்தார். நான் சத்தம் போடுவதற்குள், "டென்ஷன் ஆகாதீங்க சார், என்கொயரியை எல்லாம் அழிச்சுடலாம், அதுக்கு ஒரு பேக்கேஜ் இருக்கு, எட்டாயிரம்தான்" என்கிறார். அண்ணன் போய் சார் ஆகிவிட்டேன். நான் விண்ணப்பித்தது உண்மை, அது பதிவானதும் உண்மை. உண்மையான பதிவை காசு வாங்கிக்கொண்டு அழிக்க எவனாலும் முடியாது. தப்பான பதிவு என்றால் சிபிலிடமே இலவசமாகப் புகார் கொடுக்கலாம், 30 நாளில் தீர்க்க வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது.

இன்னொரு விஷயம் படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அவர் உதாரணம் காட்டிய அதே அமெரிக்காவில், இப்படி ஸ்கோர் சரிசெய்யும் கம்பெனிகள் வேலையை முடிக்கும் முன் காசு வாங்கக் கூடாது என்று 1996-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அதை மட்டும் அந்த லேப்டாப்பில் காட்டவில்லை.

ஸ்டேஷனில் "நீங்களா கொடுத்த பணம் சார், சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிட்டார்கள். ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியான ஆம்பட்ஸ்மேனும் பேங்க், நிதி நிறுவனம் மாதிரி ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் மேல்தான் புகார் எடுப்பார், மாடிக் கடை மேல் எடுக்க மாட்டார்.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாக: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று ஸ்கோர் போடும் கம்பெனிகள் நாலும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தந்தாக வேண்டும், அதற்கு எவனுக்கும் காசு கொடுக்காதீர்கள். "செட்டில்டு" என்று இருந்தால் கடன் கொடுத்த பேங்கையே பாருங்கள், மீதியைக் கட்டி, பாக்கி இல்லை என்ற நோ டியூ சான்று வாங்கி "குளோஸ்டு" என்று மாற்றச் சொல்லுங்கள். கார்டு வேண்டுமென்றால் டெபாசிட் மேல் ஒன்றே ஒன்று, லிமிட்டில் முப்பது சதவீதத்துக்குள் செலவு, முழுப் பில்லையும் கட்டுங்கள். ஐந்து கார்டு என்று எவன் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஜிபேயில் வேறு பெயர் வந்தால் அனுப்பாதீர்கள்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்துவிட்டேன். சென்னை வடக்கு நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடப் போகிறேன், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை. இதே மாதிரி மாடிக் கடையில் காசு விட்டவர்கள் ரசீதையும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள். கடை ஒன்றாக இருந்தால் சேர்ந்தே போடலாம்.