ஆங்ஸ்ட்ராம், பிக்கோமீட்டர், நானோமீட்டர், போர் ஆரம்: அணு அளவுக்கு எது கைகொடுக்கும்?

எம்எஸ்சி, பிஎச்டி என்று தமிழ்நாட்டிலிருந்து பெங்களூரு வரும் மாணவர்களுக்கு, இந்திய அறிவியல் கழகம் (ஐஐஎஸ்சி) ஆனாலும் ஜக்கூரில் இருக்கும் ஜவஹர்லால் நேரு மையம் ஆனாலும், சீக்கிரமே ஒரு குழப்பம் வரும். சிலிக்கான் படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு கனசதுரத்தின், அதாவது அலகுக்கூட்டின், பக்க நீளம் ஒருவர் நோட்டில் 5.431. இன்னொருவரிடம் 0.5431. பள்ளிப் பழக்கம் விடாதவர் 543.1 என்பார். கணினியில் எலக்ட்ரான் கணக்குப் போடுபவரின் திரையில் 10.26 இருக்கும். நான்கும் சரிதான்: முறையே ஆங்ஸ்ட்ராம், நானோமீட்டர், பிக்கோமீட்டர், போர் ஆரம் (நீல்ஸ் போரின் ஹைட்ரஜன் அணு மாதிரியில் எலக்ட்ரான் சுற்றும் ஆரம்).

எதைப் பிடித்துக்கொள்வது என்று கேட்பவர்களிடம் நான் ஒரு கேள்வியைத்தான் திருப்பிக் கேட்பேன். மாற்றும்போது தப்பு நடந்தால், அந்தத் தப்பு கண்ணில் படுமா?

முதல் மூன்றும் பத்தின் மடங்குகள். ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது 0.1 நானோமீட்டர், அதாவது 100 பிக்கோமீட்டர். புள்ளி நகர்ந்தால் போதும். தப்பு நேர்ந்தாலும் பத்து மடங்கு, நூறு மடங்கு என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும். கார்பன்–கார்பன் பிணைப்பு 15.4 ஆங்ஸ்ட்ராம் என்று வந்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

போர் ஆரம் அப்படியில்லை. அதன் மதிப்பு 0.529177 ஆங்ஸ்ட்ராம். கிட்டத்தட்ட பாதி என்பதுதான் ஆபத்தே. 1.54 ஆங்ஸ்ட்ராம் உள்ள அதே பிணைப்பு போர் அலகில் 2.91. இந்த 2.91-ஐ யாராவது ஆங்ஸ்ட்ராம் என்று படித்தால், புரதத்தில் நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே வரும் ஹைட்ரஜன் பிணைப்பின் நீளம் போலவே தெரியும். தண்ணீரின் ஓ–ஹெச் நீளமும் 0.96-லிருந்து 1.81 ஆகிவிடும், அதுவும் பார்க்க நம்பும்படிதான் இருக்கும். கணிப்பும் நிற்காமல் ஓடி முடியும். கன அளவுக்குப் போனால் வித்தியாசம் 6.75 மடங்கு.

அப்படியானால் போர் அலகு எதற்கு? எலக்ட்ரானின் நிறை, மின்னூட்டம், குறைக்கப்பட்ட பிளாங்க் மாறிலி மூன்றையும் 1 என்று வைத்தால் ஷ்ரோடிங்கர் சமன்பாடு சுத்தமாகிவிடுகிறது; அப்போது நீளத்தின் அலகு தானாகவே போர் ஆரம் ஆகிறது. நிரலுக்குள் அதைவிட நல்ல அலகு இல்லை. ஆனால் மற்ற மூன்றைப் போல இது வரையறுத்த எண் அல்ல, அளந்து பெற்ற எண். 0.53 என்று முழுதாக்கினால் நீளத்தில் 0.16 சதவீதம், கன அளவில் கிட்டத்தட்ட அரை சதவீதம் பிசகும். சிலிக்கானில் அது 0.008 ஆங்ஸ்ட்ராம். கணிப்பில் எந்தத் தோராயம் அளவீட்டுக்கு நெருங்குகிறது என்று நூறில் ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு வாதாடும் இடத்தில் இதை விட முடியாது.

விசையின் வரம்பில், அதாவது அணுக்கள் மேல் உள்ள விசை எவ்வளவு குறைந்தால் கணிப்பை நிறுத்தலாம் என்று வைக்கும் எண்ணில், இன்னும் பெரிய குழி இருக்கிறது. எலக்ட்ரான் கணக்குப் போடும் நிரல்களில் குவாண்டம் எஸ்பிரெஸோ ரிட்பெர்க்/போர் கணக்கில் பேசும் (ரிட்பெர்க் என்பது ஓர் ஆற்றல் அலகு), வாஸ்ப் எலக்ட்ரான்வோல்ட்/ஆங்ஸ்ட்ராம். ஒரு ரிட்பெர்க்/போர் 25.7 எலக்ட்ரான்வோல்ட்/ஆங்ஸ்ட்ராமுக்குச் சமம். ஆக முதலாவதில் 0.001 என்று போட்டால் அது 0.026, வாஸ்பில் பலரும் வைக்கும் 0.01-ஐவிடத் தளர்வானது. எண்ணைப் பார்த்தாலோ பத்து மடங்கு கறாராகத் தெரியும். ரெண்டு ஆய்வகத்தின் முடிவுகளை ஒரே அட்டவணையில் போடும்போது இதைக் கட்டாயம் சரிபாருங்கள்.

இனி ஆங்ஸ்ட்ராமும் பிக்கோமீட்டரும். விதிப்படி பிக்கோமீட்டர்தான் எஸ்ஐ, அதாவது சர்வதேச அலகு முறை. 2019-இல் வந்த எஸ்ஐ கையேட்டின் அட்டவணையில் ஆங்ஸ்ட்ராம் இல்லை. பள்ளிப் பாடத்தில் அணு ஆரங்களைப் பிக்கோமீட்டரில் தருவதும் நல்லதுதான். புள்ளி இல்லாத முழு எண்கள் மனதில் நிற்கும். ஆனாலும் வேலைக்கு என் ஓட்டு ஆங்ஸ்ட்ராமுக்கே. காரணம் பழைய பாசம் இல்லை, அடர்த்திக் கணக்கு. தாமிர அலகுக்கூட்டின் பக்க நீளம் 3.61 ஆங்ஸ்ட்ராம், கன அளவு 47.0. அவகாட்ரோ எண்ணோடு கன ஆங்ஸ்ட்ராமின் 10⁻²⁴-ஐப் பெருக்கினால் 0.6022. அப்புறம் என்ன, 4 × 63.55-ஐ (அலகுக்கூட்டில் நான்கு அணுக்கள், ஒவ்வொன்றின் அணு நிறை 63.55) 0.6022 × 47.0-ஆல் வகுத்தால் 8.98 கிராம்/கனசெமீ. அடுக்குக்குறி எதுவும் இல்லாமல் முடிந்துவிட்டது. பிக்கோமீட்டரில் தொடங்கினால் கிட்டத்தட்ட 4.7 கோடி என்ற எண்ணையும் 10⁻³⁰-ஐயும் சேர்த்து இழுக்க வேண்டும். எக்ஸ்-கதிரிலும் இதே வசதி: 12.398-ஐ கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் உள்ள ஆற்றலால் வகுத்தால் அலைநீளம் ஆங்ஸ்ட்ராமில் கிடைக்கும். தாமிரக் குழாயின் 8.048-க்கு 1.54.

புரதக்காரர்களிடம் விவாதமே இல்லை. புரதத் தரவு வங்கியின் கோப்புகளில் அணுக்களின் இடம் ஆங்ஸ்ட்ராமில்தான் இருக்கும். 1963-இல் சென்னையில் ஜி.என். ராமச்சந்திரன் குழு, புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்கலாம் என்று காட்டும் தன் வரைபடத்துக்கு வைத்த அணு நெருக்க வரம்புகளும் அதே அலகில்தான்: இரு கார்பன்களுக்கு இடையே 3.2, மிஞ்சிப்போனால் 3.0. அவர் பிற்பாடு ஐஐஎஸ்சி-யில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையைத் தொடங்கினார். இங்கே அந்த மரபு இன்னும் பலமாக இருக்கிறது. மூலக்கூறுகளின் அசைவைக் கணிக்கும் குரோமாக்ஸ் நிரல் மட்டும் நானோமீட்டர் கேட்கும், அங்கே பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி நானோமீட்டர், படலம், துகள், டிரான்சிஸ்டர் அளவில் வேலை செய்பவர்களுக்கு. சிப் விளம்பரங்களில் வரும் '5 நானோமீட்டர்' எந்த நீளத்தின் அளவும் அல்ல, தலைமுறையின் பெயர். அதை யாரும் ஆங்ஸ்ட்ராமாக மாற்றிச் சிலிக்கான் அணுக்களை எண்ண வேண்டாம்.